எட்டரை மணிக் குரல்

செவ்வாய், இரவு பதினொன்றரை

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதீர்கள். நேரில் சொன்னால் நீங்கள் பதில் பேசுவீர்கள். எனக்கு அதுதான் பயம். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். விடிவதற்குள் உங்கள் ஹெட்போன் பையில் போட்டுவிடுவேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம். 'பயந்தாங்கொள்ளி' என்று சித்திகள் எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிவிடுவாள்.

இன்று எட்டரைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உங்கள் வாய் மூடியிருந்தது, மென்றுகொண்டிருந்தீர்கள். அப்போது இடதுபக்கச் சுவருக்குள்ளிருந்து நீங்கள், "சுண்டெலி, கதவத் தொற" என்றீர்கள். பிறகு மேல்வீட்டிலிருந்து. பிறகு எதிர்வீட்டிலிருந்து, ஒரு நொடி தாமதமாக. எல்லா வீட்டு டிவியிலும் நீங்கள் குரல் கொடுக்கும் அந்தத் தொடர்தான் ஓடுகிறது. நீங்கள் என் பக்கம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்டீர்கள். அதே குரல்.

அதில் பிள்ளை பிடிப்பவனாக நடிப்பவர் நம் ஆள் இல்லை, முகத்தில் கறுப்பு பூசிக்கொள்கிறார், நம் ஆட்களின் பேச்சு அவருக்கு வராததால் குரல் மட்டும் உங்களுடையது. எல்லாம் தெரியும். ஆனால் சுண்டெலி என்னுடைய பெயர் அப்பா. வகுப்பில் மூன்று பேர் பெஞ்சுக்கடியிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அதை ஏன் அவனுக்குக் கொடுத்தீர்கள்?

சுண்டெலி

புதன்

என் சுண்டெலிக்கு,

எழுத்தில் கூப்பிட்டால் பரவாயில்லையா? உன் கையெழுத்தைப் பார்த்தால் எனக்குத்தான் பயமாக இருக்கிறது. 'ழ' எல்லாம் வாலை ஆட்டுகிறது.

ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து படித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இயக்குநர், "உங்க ஆளுங்க பிள்ளைங்கள எப்படிக் கொஞ்சுவாங்க? அப்படி ஒண்ணு போடுங்க சார், நிஜமா இருக்கும்" என்றார். யோசிக்காமல் வாயில் வந்தது உன் பெயர். அவர் கை தட்டினார். எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

உன் தாத்தாதான் வெளியிலிருந்து பிழைக்க வந்தவர், நான் இந்த ஊரிலேயே பிறந்தவன். இவர்கள் மொழியை இவர்களைவிடச் சுத்தமாகப் பேசுவேன். முதல் நாள் அப்படித்தான் பேசினேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா யாரும் நம்ப மாட்டாங்க" என்றார்கள். நம் ஆட்கள் எப்படிக் கொச்சையாகப் பேசுவார்கள் என்று சொல்லித்தர ஒருவரை வைத்தார்கள். அவரும் நம் ஆள் இல்லை. அவர் சொன்னபடி பேசப் பேச, மைக்கில் வந்த குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அதாவது, திறந்தேன்.

அந்தப் பெயரை எடுத்துவிடச் சொல்கிறேன். தூங்கு.

உன் அப்பா (அவன் இல்லை)

சனி, இரவு, மணி பார்க்கவில்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

கீழ்வீட்டுப் பாப்பா கிடைத்துவிட்டாள் என்று எல்லாரும் தூங்கப் போய்விட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

கண்ணாமூச்சி ஆடப் போனவளை மூன்று மணி நேரம் தேடினோம். நீங்கள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கூப்பிட்டீர்கள். ஒவ்வொரு மாடியாக, "பாப்பா, எங்கம்மா இருக்க? கதவத் தொற" என்று. அவள் மோட்டார் அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். நீங்கள் அந்தக் கதவை இரண்டு தடவை தட்டினீர்கள். அவள் அம்மா போய்க் கூப்பிட்ட பிறகுதான் திறந்தாள். "அவன் வந்துட்டான்மா, அதான் மூச்சே விடல" என்றாள்.

யாரும் உங்களைத் திட்டவில்லை. எலக்ட்ரீஷியன் மாமா மட்டும், "இனிமே நீங்க கூப்பிட வேணாம் சார், நாங்க பாத்துக்கறோம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நீங்களும் சிரித்துக்கொண்டே "சரிங்க" என்றீர்கள். அதன்பிறகு ஒவ்வொரு வீடாகத் தாழ் போடும் சத்தம் கேட்டது.

இன்னொன்று சொல்ல வேண்டும். நீங்கள் படிக்கட்டில் கூப்பிட்டுக்கொண்டு வந்தபோது, நானும் நம் வீட்டுக் கதவைத் தாழ் போட்டேன். நீங்கள் அவளைத்தான் தேடுகிறீர்கள் என்று தெரிந்தும் போட்டேன்.

சு.

திங்கள், மதியம்

கண்ணம்மா,

தாழ் போட்டது தப்பில்லை. பயந்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள். அதற்காக அழாதே.

அந்தப் பெயரை எடுத்துவிடச் சொல்லி இயக்குநரிடம் கேட்டேன். "அந்த ஒரு வார்த்தைதான் சார் ஓடுது! டி-ஷர்ட்லகூட போட்டாச்சு" என்கிறார். அப்படியானால் நான் வரவில்லை என்றேன். அவர் கோபப்படவே இல்லை. "எட்டு மாசக் குரல் கையில இருக்கு. வெட்டி ஒட்டிக்கிட்டா போச்சு. நீங்க இல்லாமலும் பேசுவீங்க" என்றார்.

ஆனாலும் இன்று போய் விலகல் கடிதம் கொடுத்துவிட்டு வருகிறேன். அம்மாவுக்கு மருத்துவமனையில் இரவு வேலை. தம்பி சித்தி வீட்டில். நீ தனியாக இருப்பாய் என்பதால் சாவியை எடுத்துப் போகவில்லை, உள்ளே தாழ் போட்டுக்கொள். எட்டரைக்கு முன்னால் வந்துவிடுவேன். இனி அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன்.

அப்பா

திங்கள், இரவு ஒன்பது பத்து

அப்பா,

இதைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். உங்கள் காலை நகர்த்திவிடாதீர்கள், இடுக்கில் செருப்பு தெரிகிறது. அது உங்கள் செருப்புதான்.

இன்றும் தொடரில் நீங்கள் பேசினீர்கள். நீங்கள் என்றுமே பேசாத ஒரு வரி. ஒவ்வொரு சொல்லும் வேறு வேறு அறையிலிருந்து வந்த மாதிரி இருந்தது. அது முடிந்து கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். "அப்பாதாம்மா. பஸ் கிடைக்கல, லேட்டாயிடுச்சு. கதவத் தொற."

நீங்கள் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் பேசினீர்கள். அவனும் முதலில் மெதுவாகத்தான் பேசுவான்.

நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும் அப்பா. கைக்குத்தான் தெரியவில்லை. தாழ்ப்பாள் வரை போகிறது, தொடாமல் திரும்பி வந்துவிடுகிறது. நான்கு தடவை பார்த்துவிட்டேன்.

எதிர்வீட்டுக் கதவு கொஞ்சமாகத் திறந்து மூடுவது கேட்கிறது. அவர்கள் பார்க்கிறார்கள். அம்மா காலை ஆறு மணிக்கு வந்துவிடுவாள். அதுவரை படியில் உட்கார்ந்துகொள்ளுங்கள். தாளோடு பென்சிலையும் தள்ளியிருக்கிறேன். எதுவானாலும் பின்பக்கம் எழுதி அனுப்புங்கள், விடிய விடியப் படிக்கிறேன். பேச மட்டும் வேண்டாம்.

கதவுக்கு இந்தப் பக்கம்,
உங்கள் மகள்