கழுநீர்த் தொட்டி

மலையடிவாரம்,
லாடபுரம் அருகில், பெரம்பலூர்.
6.10.2024

அன்புள்ள பிலோமி,

ஊருக்கெல்லாம் நீ சிஸ்டர் பிலோமினா. எனக்கு இந்த எழுபத்து நான்கு வயதிலும் கான்வென்ட் விடுதியில் பக்கத்துக் கட்டில் பிலோமிதான். போனில் பேசினால் உனக்குப் பாதி கேட்பதில்லை, ஆகவே பழையபடி கடிதம். ராஞ்சியில் குளிர் தொடங்கியிருக்கும். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சோம்பாதே.

அரியலூர் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்து மூன்று வாரம் ஆகிறது. பச்சைமலை அடியில் என் வீட்டுக்காரர் வாங்கிய வீடு. ஓய்வு பெற்றபின் ஒன்பது வருடம் அவர் இங்கேயே இருந்தார். சாணி வாடையில் என்னால் இருக்க முடியாது என்று நான் வரவில்லை. முதல் வருடத் திதியையாவது அவர் கண்மூடிய இடத்தில் செய்வோம் என்று வந்தேன். முடிந்ததும் வீட்டை விற்றுவிட உத்தேசம்.

பக்கத்து வீடு அய்யாக்கண்ணு. மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிறவர். மனைவி பாப்பாத்தி. எதிரே ஓட்டு வீட்டில் கொளஞ்சி, தனிக்கட்டை. தெருவிலுள்ள எல்லார் மாட்டையும் காலையில் மலைச்சரிவுக்கு ஓட்டிப் போய் மாலை ஐந்து மணிக்குத் திருப்பி ஓட்டி வருவதுதான் அவள் பிழைப்பு. மனிதர்களைவிட அவர்களுடைய விலங்குகளோடுதான் எனக்கு முதலில் பழக்கமாயிற்று. அழைப்பில்லாமல் நுழைபவை அவைதானே. ஓர் ஆடு கூடத்துக்கே வந்துவிட்டது. "தயவுசெய்து வெளியே போ" என்றேன். வாசலில் நின்ற கொளஞ்சி, "அதுக்குப் பள்ளிக்கூடத்துத் தமிழ் புரியாதுங்கம்மா, கம்ப எடுங்க" என்று சிரித்தாள்.

கொல்லையில் இவர் வைத்த ஒரு கல்தொட்டி இருக்கிறது. அரிசி களைந்த தண்ணீரை அதில் ஊற்ற வேண்டுமாம். மலையிலிருந்து இறங்கும் மாடுகள் குடித்துவிட்டுத்தான் வீடு போகும். மாடு அவர்களுடையது, கழுநீர் நம்முடையது. பதிலுக்குப் பாப்பாத்தி தினமும் ஒரு சொம்பு மோர் தருகிறாள். வேண்டாம் என்றதற்கு, "கழுநீர் ஊத்துற வூட்டுக்குக் குடுக்காம நாங்க குடிக்கிறதில்லீங்க" என்றாள். அவர்களுடைய செவலைப் பசுதான் எப்போதும் முதலில் வரும். கழுத்தில் வெண்கல மணி. குடித்து முடித்ததும் தலையைத் தூக்கி, என்னைத் தாண்டி, இவர் உட்காரும் நாற்காலியைப் பார்க்கும். "அய்யாவத் தேடுது" என்கிறாள் கொளஞ்சி. அந்த நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டேன். அது வெற்றிடத்தைப் பார்க்கிறது.

கொல்லைச் சுவர் முழுக்க இவர் அடுப்புக்கரியால் எழுதி வைத்திருந்தார். சுவரில் எழுதுவது என்ன பழக்கம் சொல். கண்ணாடியைத் தேடிப் படிக்கக்கூடப் பொறுமையில்லை; வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
புவனேஸ்வரி


28.10.2024

அன்புள்ள பிலோமி,

உன் கடிதம் கிடைத்தது. மருந்து மாற்றியது நல்லதுதான்.

இருபதாம் தேதி திதி முடிந்தது. நாற்பது பேருக்குச் சமைத்தேன். மழையால் பாதிப்பேர்கூட வரவில்லை. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆனால் சோறு ஒரு பருக்கை வீணாகவில்லை. தட்டில் மிச்சம் வைத்தவர்களை மதர் மண்டியிட வைத்தது உனக்கு நினைவிருக்கும்.

ஒரு துக்கச் செய்தி. மறுநாள் காலை செவலை எழுந்திருக்கவில்லை. வயிறு உப்பி, வாயில் நுரையோடு கிடந்தது. டவுனிலிருந்து மாட்டு டாக்டர் வந்தபோது நேரம் கடந்துவிட்டது. தானியம் அளவுக்கு மீறி உள்ளே போயிருக்கிறது என்றார். மக்காச்சோள வயலில் மேய விட்டுவிட்டாள் என்று அய்யாக்கண்ணு கொளஞ்சியைத் தெருவில் வைத்துக் கேட்டார். "படுத்துத் தூங்குனியா, இல்ல எவ கூடயாவது கதை அடிச்சியா?" என்றார். கொளஞ்சி, "எம் மாடு ஒரு கருது கடிக்கல" என்று ஒருமுறை சொன்னாள். அன்றே ஒவ்வொரு வீடாக மாடுகளைத் திருப்பிக்கொண்டார்கள். இப்போது அவளிடம் அவளுடைய இரண்டு ஆடுகள் மட்டும்.

நான் அருகில்தான் நின்றிருந்தேன்.

செவலையின் மணியை அதன் மூன்று மாதக் கன்றின் கழுத்தில் கட்டிவிட்டார்கள். ஐந்து மணிக்கு அந்தச் சத்தம் கொல்லைக்கு வருகிறது. நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

புவனேஸ்வரி


10.11.2024

பிலோமி,

போன கடிதத்தில் நான் பொய் எழுதவில்லை. எழுத வேண்டியதை எழுதவில்லை.

திதியன்று பசுவுக்கு ஒரு கவளம் கொடுத்தால் போனவருக்குப் போய்ச் சேரும் என்றார் புரோகிதர். ஒரு கவளம் என்றுதான் சொன்னார். மிஞ்சிய அண்டாச் சோறு முழுவதையும் நான் தொட்டியில் கொட்டினேன். வீணாகக் கூடாது என்று ஒரு பக்கம். வராதவர்களுக்குப் பதிலாக இதுவாவது சாப்பிடட்டும் என்று ஒரு பக்கம். ஒன்பது வருடம் ஒரு வேளைகூட இங்கே வந்து அவருக்குப் பரிமாறவில்லையே என்று இன்னொரு பக்கம். செவலை முதலில் வந்தது. மற்ற மாடுகளைக் கொம்பால் ஒதுக்கிவிட்டு அதுவே தின்றது. நான் நின்று பார்த்தேன். திருப்தியாக இருந்தது, பிலோமி.

நேற்று கொளஞ்சியை அழைத்து, அன்று தொட்டியைப் பார்த்தாயா என்று கேட்டேன். "நான்தானங்க விடியக்காலம் கழுவிவுட்டேன். சோறு ஒட்டிக்கெடந்தது. இன்னொரு மாடு வாய வச்சிரக் கூடாதுல்ல" என்றாள். பின் ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னா நம்பிருவாங்களாக்கும். மாட்டையும் கொன்னுட்டு பெரிய வூட்டு அம்மா மேல பழி போடுறா பாருன்னு அதுவும் சேரும். நீங்க வூட்ட வித்துட்டு காரு ஏறிருவீங்க. நான் இங்கதான கெடக்கணும்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வரும் வாரம் மீன்சுருட்டிப் பக்கம் தங்கை வீட்டுக்கே போய்விடப் போகிறாளாம். இந்தத் தெருவில் அவளுக்கு வேலையில்லை.

இன்னொன்று. போன வாரம் மழையில் புதுச் சுண்ணாம்பு கரைந்து இவருடைய கரி எழுத்து மேலே வர ஆரம்பித்திருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். தொட்டிக்கு நேர் மேலே, பெரிய எழுத்தில்: "சோறு போடாதே. கழுநீர் மட்டும். மாடு செத்துப்போகும்." இங்கே யாருக்கும் இது எழுதிக் காட்ட வேண்டிய விஷயமில்லை. தெரியாதவள் ஒருத்திதான். நான் ஒருநாள் வருவேன் என்று எந்த வருடம் இதை எழுதினாரோ.

பாப்பாத்தி இன்றும் மோர் கொண்டுவந்தாள். பசு இல்லை, கொழுந்தியா வீட்டில் வாங்கி வருகிறாள். நான் தினமும் வாங்கி, அவள் போனதும் மரத்தடியில் ஊற்றுகிறேன். சோற்றுப் பருக்கையை வீணாக்காதவள்.

விடுதி நாட்களில் சனிக்கிழமைதோறும் நீங்களெல்லாம் பாவசங்கீர்த்தனத்துக்கு, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்ல, வரிசையில் நிற்பீர்கள். கோயில் வாசலில் உனக்காகக் காத்திருக்கும்போது, இவர்கள் சொல்லிவிட்டு எப்படி இவ்வளவு லேசாகச் சிரித்துக்கொண்டு வெளியே வருகிறார்கள் என்று எனக்குப் பொறாமையாக இருக்கும். எனக்குச் சொல்ல எதுவும் இருக்காது என்று அப்போதே ஓர் எண்ணம்.

இப்போது மணி நாலே முக்கால். இந்தத் தெருவில் தபால் பெட்டி அய்யாக்கண்ணு வீட்டைத் தாண்டித்தான் இருக்கிறது. அவர் வாசலில் வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருக்கிறார். கொளஞ்சியையும் உடன் வரச் சொல்லியிருக்கிறேன், அவள் காதால் கேட்க வேண்டும் என்று. சொல்லாமல் அந்த வீட்டைத் தாண்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஆகவே இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட்டதென்றால் நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள்.

மணிச் சத்தம் கேட்கிறது. கன்று வந்துவிட்டது. இன்று கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.

உன் வரிசையில் எனக்கும் ஓர் இடம் பிடித்து வை, பிலோமி.

உன்,
புவனேஸ்வரி