தட்டின்மேல் தணல்

786

கடலூர் முதுநகர்
12-3-1964

அன்புள்ள மருமகன் அப்துல் வதூது அவர்களுக்கு, மாமி மெகருன்னிசா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். அங்கே ஈப்போவில் உங்கள் உடம்புக்கும் கடைக்கும் ஒரு குறையும் வராமல் அல்லாஹ் காப்பாற்றட்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம். இந்தத் தடவை அந்தப் பொய்யை எழுத எனக்குக் கை வரவில்லை.

நீங்கள் ருக்கையாவுக்குப் போட்ட கடிதம் நேற்று வந்தது. படித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தவள் இன்னும் திரும்பிப் படுக்கவில்லை. நான் பிடுங்கித்தான் படித்தேன். "உங்கள் வீட்டாரின் அறியாமையால் பிள்ளைக்குச் சளி கட்டியது, நாற்பது நாள் கழியும்வரை அவன் சிதம்பரத்தில் என் தாயாரிடமே இருக்கட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். மாப்பிள்ளை, பெண்ணைப் பெற்றவள் என்பதற்காக எத்தனையோ பேச்சை விழுங்கியிருக்கிறேன். இதை விழுங்க மாட்டேன்.

நோன்புப் பெருநாளன்று பிள்ளை பிறந்ததிலிருந்து ருக்கையாவுக்கு வாய் கசந்து கிடந்தது. பத்தியச் சோறும் பூண்டுக் குழம்பும் கிட்டே போனாலே குமட்டல். சாப்பிடாதவளுக்குப் பால் எப்படி ஊறும்? உனக்கு என்னதான் வேண்டும் என்று நான் கத்தியபோது, சுட்ட சாத்துக்குடி வேண்டும் என்றாள். பிள்ளை பெற்ற உடம்புக்கு அந்தப் பழம் குளிர்ச்சி என்று எனக்குத் தெரியாதா? நானும் நாலு பெற்றவள்தான். குளிர்ச்சியை முறிக்க நெருப்பு இருக்கிறது, சுக்கு இருக்கிறது என்று துணிந்து செய்தேன்.

பழத்தைக் குறுக்கே இரண்டாக நறுக்கி, சுளைகளுக்கு நடுவே கத்தியால் கீறிவிட்டேன். பனங்கற்கண்டைப் பொடித்து, பட்டை, கிராம்பு, ஏலம் இடித்துக் கலந்து மேலே தூவினேன். சுக்கும் மிளகும் நானாகச் சேர்த்தது. ஒரு சொட்டு நெய் விட்டு, மண்சட்டியில் வைத்து, முட்டை அடை சுடுவதுபோலத் தட்டால் மூடித் தட்டின்மேல் தணலைக் கொட்டினேன். கீழே நெருப்பு பேருக்கு, மேலேதான் ஜாஸ்தி. கற்கண்டு உருகிச் சிவந்து ஓரத்தில் சாறு கொதித்ததும் எடுத்து, சூடு ஆறுவதற்குள் கொடுத்தேன். தோலை மட்டும் மிச்சம் வைத்தாள். பிறகு அவளே சோறு கேட்டாள். மறுநாள் பால் நன்றாக இறங்கியது.

இந்த வித்தையை எனக்குக் காட்டியது யார், மாப்பிள்ளை? போன ஆடியில் மசக்கையில் அவள் தண்ணீரைக்கூட வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தபோது, ஈப்போவில் துரை வீட்டுச் சமையல்காரன் இப்படித்தான் செய்வான் என்று சொல்லி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு என் அடுப்படியில் உட்கார்ந்து தணலை ஊதியது யார்? நான் சிரித்தேன். அவள் சாப்பிட்டாள். அடுத்த மாதம் நீங்கள் கப்பல் ஏறிவிட்டீர்கள். அவள் இப்போது ஏங்கிக் கேட்டது பழத்துக்காக மட்டும் இல்லை என்பது உங்களுக்குப் புரியாவிட்டால் நான் எழுதி என்ன பயன்.

உங்கள் தாயார் ஆசியா உம்மாள் அவர்கள் பிரசவ லேகியம் எடுத்துக்கொண்டு வந்த அன்றும் அதைச் செய்திருந்தேன். பாயருகே கிண்ணம் இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளை இரண்டு தும்மல் போட்டான். யார் இதைக் கொடுக்கச் சொன்னது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் போர்வைக்குள்ளிருந்து ருக்கையா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். நான்தான் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் அவளிடம் ஏண்டி பிடித்தாய் என்று கேட்டதற்கு, "அவுங்க பேர மட்டும் சொல்லாதம்மா. ஆம்பள அடுப்பு ஊதுனாங்கன்னு தெரிஞ்சா மாமி அவுங்களத்தான் கேவலமா பேசுவாங்க" என்றாள். அப்படிக் காப்பாற்றியவளுக்குத்தான் அறியாமை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

"பாலு சீதளமாப் போயிடுச்சு, இனிமே இத குடிச்சா பிள்ள தங்காது" என்று சொல்லி உங்கள் தாயார் அன்று மத்தியானமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிதம்பரத்துக்கு ரயில் ஏறினார்கள். ஸ்டேஷனுக்கு ரிக்‌ஷா கூப்பிட்டு விட்டவர் உங்கள் மாமனார். மகளின் வாழ்க்கை கெட்டுவிடக் கூடாதாம். அவரோடு நான் அன்றிலிருந்து பேசவில்லை. ஆஸ்பத்திரி டாக்டரம்மா பார்த்துவிட்டு, பாலில் ஒரு கோளாறும் இல்லை, பிள்ளையைக் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லுங்கள் என்றார்கள். இதைச் சொல்லத்தான் போன வெள்ளிக்கிழமை சிதம்பரம் போனேன். முன்கூடத்தில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். பிள்ளை தூங்குகிறான் என்றார்கள். உள்ளே அவன் அழுதுகொண்டிருந்தான். நீங்கள் ஆசையாக அனுப்பிய டின் பாலைத்தான் கரைத்து ஊற்றுகிறார்கள்.

இங்கே பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் ருக்கையாவின் ரவிக்கை நனைந்துவிடுகிறது. நெஞ்சு கல்லாகக் கட்டி, காய்ச்சல் வந்து, தொட்டால் கத்துகிறாள். பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுக்கிறாள். நான் கொல்லையில் மாதுளைச் செடியடியில் ஊற்றிவிட்டு வருகிறேன். முதலில் கிண்ணம் நிறைய வந்தது. இப்போது பாதிதான் வருகிறது.

மாப்பிள்ளை, சாத்துக்குடி உங்கள் யோசனை என்று நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம். பழி என்மேலேயே இருக்கட்டும். உங்கள் தாயார் மன்னிப்புக் கேட்கச் சொன்னால், நாலு பேர் நடுவில் வந்து கேட்கிறேன். எனக்குக் கோபம் இருக்கிறது, அது என்னோடு போகட்டும். நீங்கள் இனிக் கடிதம் எழுதாதீர்கள். கடிதம் வந்து சேருகிறவரைக்கும் தாங்காது. பிள்ளையைத் தாயிடம் கொண்டுபோய் விடுங்கள் என்று உங்கள் தாயாருக்குத் தந்தி அடியுங்கள்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். உங்கள் மகனுக்கும் தரட்டும். உங்கள் தந்தி வருகிறவரை ருக்கையாவுக்குப் பால் வற்றக் கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டு வருகிறேன். நீங்களும் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமி
மெகருன்னிசா