மாலை கழற்றிய வாரம்

ஜன. 18, ஞாயிறு
காலையில் நல்ல பனி. மாவு அரைக்க வேண்டும். +2 தாள் திருத்தம் பாக்கி. தம்பி செல்வம் மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றினான். கார்த்திகையிலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை. இனி குடித்தால் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொல்லியாயிற்று. பயமாக இருக்கிறது.

ஜன. 19, திங்கள்
குடித்துவிட்டான். தறிக்குப் போகிற வழியில்தான் கடை. சண்டாளன். ஏன்லே என்றால், "நேத்து வரைக்கும் தெருவே சாமின்னுச்சுக்கா. இன்னைக்கு ஏலேங்குது."

ஜன. 20, செவ்வாய்
+2 விலங்கியல். போதைப் பாடம். எலிக் கதை சொன்னேன். தனிக் கூண்டு எலி போதைத் தண்ணீரையே குடித்தது. இடமும் கூட்டாளிகளும் கிடைத்த எலிகள் அதை அவ்வளவாகச் சீண்டவில்லை. மறுபடி செய்து பார்த்தவர்கள் எல்லாருக்கும் அப்படி வரவில்லை, மனிதன் எலி இல்லை என்பதையும் சொன்னேன். சொல்லும்போதே செல்வம் நினைவு. மாலை போட்டிருந்த நாளெல்லாம் அவனுக்கு விடியக் குளியல், பஜனை, பத்துப் பேரோடு பந்தி. கழற்றியதும்? மாடி அறை. தட்டை வைத்துவிட்டு முகம் பார்க்காமல் இறங்கியது நான்தான்.

ஜன. 21, புதன்
கேஸ் புக் பண்ண மறந்தாயிற்று.
குருசாமி வீட்டுக்கு ஓடினேன். "மறுபடி மாலை போட்டு விடுங்க அண்ணாச்சி."
"சீசன் முடிஞ்சுபோச்சே தாயி. குடிய நிறுத்தவா மாலை?"
பின்னே எதற்காம்? ஊரில் பாதிப் பேர் அதற்குத்தானே போடுகிறார்கள். வழியெல்லாம் அழுகை.
ராத்திரி அவனைக் கீழே கூப்பிட்டு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ரசம் எல்லாம் அவன் சட்டையில். துண்டை நனைத்துத் துடைத்துவிட்டேன்.

ஜன. 22, வியாழன்
லீவு போட்டேன். குருவிகுளத்தில் தாய் வீட்டில் இருக்கிற அவன் பெண்டாட்டி மாரிக்குப் போன். எலிக் கதை முழுக்கச் சொன்னேன், பைத்தியக்காரி மாதிரி. வந்து கூட இரு என்று கெஞ்சினேன்.
"கூட இருந்த எலியள அது அடிச்சுதா மதினி?"
வைத்துவிட்டாள். அவள் பக்கம் நியாயம். பாழாய்ப்போன நியாயம்.
செல்வம் படியில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறான். "அவள ஏன்க்கா கூப்பிடுத?"
இதை எழுதும்போதே சட்டை மாட்டுகிறான். எங்கலே என்றால், "இங்கனதான்."
நானும் கிளம்புகிறேன். கடைக்குத்தான் என்றாலும் கூடப் போகிறேன்.