ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி

கொரட்டூர்,
12.11.1989, ஞாயிறு.

என் அன்பு மனைவி ஜெயசீலிக்கு,

மாதா உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருப்பாள் என்ற நம்பிக்கையோடு உன் பிரகாசம் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். இருமல் போன மாதமே விட்டுவிட்டது. உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. முதல் வரியிலேயே சுருக்கென்று குத்தியிருந்தாய். "இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடவா, இல்லை ஜனவரியில் வீட்டுக்கு வந்துவிடவா என்று கேட்டேன். 'உன் இஷ்டம்' என்று எழுதிவிட்டீர்கள். என் இஷ்டம் எனக்குத் தெரியும். உங்கள் இஷ்டத்தைத்தான் கேட்டேன்" என்று. அதைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ரியாத் ஆஸ்பத்திரியில் உன் மேட்ரன் அம்மாவுக்கு இருபத்தைந்தாம் தேதிக்குள் நீ பதில் சொல்ல வேண்டும். அதை நான் மறக்கவில்லை. ஆனால் நேராக விஷயத்துக்கு வரும் ஆளா நான்? பெண் பார்க்க வந்த அன்றே உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசியவன்தானே. கொஞ்சம் பொறுத்துக்கொள். முதலில் வீட்டுச் செய்தி.

பத்து நாளாக மழை. புதுத் தளம் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஆனால் சத்தமும் இல்லை சீலி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தபோது மழை வந்தால் நாம் இருவரும் கத்தித்தான் பேச வேண்டும். நீ அடுப்படியிலிருந்து ஏதோ கேட்பாய், நான் வேறு எதற்கோ பதில் சொல்வேன், நீ கரண்டியோடு வந்து நிற்பாய். இப்போது வெளியே எட்டிப் பார்த்தால்தான் மழை பெய்வதே தெரிகிறது. வீடு பஞ்சு வைத்த காது மாதிரி இருக்கிறது. கிணற்றடியில் நீ நட்டுவிட்டுப் போன டிசம்பர் செடி இந்த வருஷம் இடுப்பு உயரம் வந்துவிட்டது. ஊதா மொட்டு நிறைய விட்டிருக்கிறது. பறிக்க ஆள் இல்லாததால் பூவெல்லாம் செடியிலேயே வாடிப் போகும். நாகவல்லியைப் பறித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்து, உன் மயில். திட்டாதே. பீரோவின் கீழ்த்தட்டில் எம்பிராய்டரி சட்டத்தோடு நீ வைத்துவிட்டுப் போன தலையணை உறையை ஜூன் மாதம் எடுத்தேன். கழுத்தோடு நின்றிருந்தது பாவம். லேத்தில் தலைமுடி அளவு பிசகாமல் இரும்பைக் கடைகிறவனுக்கு ஒரு மயில் தோகை என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். முதல் வாரத்திலேயே ஐந்து விரலிலும் குத்திக்கொண்டேன். அப்படியும் விடவில்லை. வேலை முடிந்து வந்து, கையில் கிரீஸ் போகச் சோப்புப் போட்டுக் கழுவி, ரேடியோவைச் சின்னதாக வைத்துக்கொண்டு தினம் ஒரு அங்குலம் போட்டேன். அந்த நேரத்தில் மனம் எங்கெங்கோ போய்விடும். நூல் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால், நீ பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பது போலவே தோன்றும். ஒரு நாள் "சீலி, கத்தரிக்கோல் எங்கே" என்று கேட்டும்விட்டேன்.

பக்கத்து வீட்டு நாகவல்லி குழம்புக் கிண்ணம் வாங்க வந்தவள் இதைப் பார்த்துவிட்டாள். "இன்னாண்ணா, ஊசியும் நூலுமா குந்திகினு கீற!" என்று ஒரே சிரிப்பு. பிறகு துணியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "முன்னாடி மயிலு சோக்காத்தான் கீது. பின்னாடி பாத்தா கோழி கெளறுன குப்ப மாதிரி கீதே" என்றாள். முடிச்சை எப்படி மறைப்பது என்று அவளே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். இப்போது தோகையில் பதினோரு கண் முடிந்திருக்கிறது. கால் இரண்டும் பாக்கி. நீ வைத்திருந்த நீலம் தீர்ந்துபோய் அம்பத்தூரில் வேறு நீலம் வாங்கினேன். கடையில் பார்த்தபோது ஒன்றாகத்தான் தெரிந்தது, வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால் வேறு. நீ கண்டுபிடித்துவிடுவாய்.

இனி முக்கியமான சங்கதி. நம் ஞாயிற்றுக்கிழமை டீ.

விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று நீதான் சொன்னாய். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறு ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் உட்கார்ந்து பிளாஸ்க் டீ குடிப்பதை நாம் நிறுத்தியதே இல்லை, இனியும் நிறுத்தக்கூடாது, நான் ரியாத்தில் குடிக்கிறேன், நீங்கள் கொரட்டூரில் குடியுங்கள், அதே ஐந்து மணி, என்றாய். நானும் தலையாட்டினேன். இந்த இருபத்திரண்டு மாதமாக ஒரு ஞாயிறுகூட நான் தவறவிட்டதில்லை. நீயும் ஒவ்வொரு கடிதத்திலும் "ஐந்து மணிக்கு உங்களோடு டீ குடித்தேன்" என்று எழுதினாய்.

வியாழக்கிழமை வந்த கடிதத்தின் கடைசியில்தான் ஒரு வரி எழுதியிருக்கிறாய். "இங்கே இரண்டரை மணி வெயில் கொளுத்தும். கேன்டீன் ஜன்னலோரம் கிளாஸோடு நிற்பேன். அங்கே ஐந்து மணி, ஏரியில் வெயில் மஞ்சளாகி இருக்கும், நீங்கள் ஊதி ஊதிக் குடிப்பீர்கள் என்று நினைத்துக்கொள்வேன்" என்று.

நாலு தடவை படித்தேன் சீலி. நீ கொரட்டூர் ஐந்து மணியைக் கணக்கு வைத்து, ரியாத்தில் இரண்டரைக்குக் குடித்திருக்கிறாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? உனக்கு அங்கே ஐந்து ஆக வேண்டும் என்று இங்கே ஏழரை மணிக்குக் குடித்துக்கொண்டிருந்தேன்! இருட்டிய பிறகு, கொசுக்கடியில், பிளாஸ்க்கும் இரண்டு டம்ளருமாக ஏரிக்கரையில். தண்ணீரே தெரியாது. ஆவடிப் பக்கம் போகும் ரயிலின் ஜன்னல் வெளிச்சம் மட்டும் தண்ணீர் மேல் வரிசையாக நழுவிப் போகும். அந்த வெளிச்சத்தில் ஏதோ ஒரு ஜன்னலில் நீ இருப்பதாக நினைத்துக்கொண்டு குடிப்பேன். அந்த நேரத்தில் நீ டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கழுவி வைத்து, வார்டுக்குத் திரும்பி இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும்.

என்னோடு லேத்தில் நிற்கும் வேம்புலியிடம் இதைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு, "ஒர்த்தருக்கு ஒர்த்தர் வுட்டுக் குடுத்தே ரெண்டு பேரும் கோட்ட வுட்டீங்களே மாமே" என்றான். நானும் சிரித்தேன். மத்தியான ஷிப்டு முடியும்வரை அது மனதைப் பிடுங்கிக்கொண்டே இருந்தது.

இன்று மழை விட்டிருந்தது. சரியாக நாலரைக்கே கிளம்பிவிட்டேன். இருபத்திரண்டு மாதத்துக்குப் பிறகு ஐந்து மணி ஏரியைப் பார்த்தேன். கரை தொட்டுத் தண்ணீர். மேகத்துக்குக் கீழே கொஞ்சம் வெயில் வந்து, ஏரி முழுவதும் மோர்க்குழம்பு நிறத்தில் மெதுவாக அசைந்தது. நாரைகள் தண்ணீரில் நின்றன. எது நாரை, எது அதன் நிழல் என்று தெரியவில்லை. நாம் உட்காரும் கல்லுக்குப் பக்கத்தில் ஆவாரஞ்செடி முளைத்திருக்கிறது. துண்டை விரித்து, இரண்டு டம்ளரிலும் ஊற்றினேன். கடிகாரம் ஐந்து. ரியாத்தில் இரண்டரை. நீ அந்த ஜன்னலோரம் நிற்கிறாய். நீ கடல் தாண்டிப் போன நாளிலிருந்து இன்றைக்குத்தான் முதல் முறையாக நாம் ஒரே நேரத்தில் டீ குடித்தோம். உனக்கே அது தெரியாது.

குடித்து முடித்தேன். உன் டம்ளர் அப்படியே இருந்தது. ஏடு கட்டி, ஆறிப்போய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேரம் தப்பாக இருந்தவரை, அதனால்தான் இப்படி வெறிச்சென்று இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். இன்றைக்கு நேரம் சரியாகத்தான் இருந்தது. அப்போதும் நீ இல்லை. கரையில் போனவர்கள் பார்ப்பார்களே என்றுகூட நினைக்காமல் அழுதேன். வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

'உன் இஷ்டம்' என்று எழுதியது பொய், சீலி. அங்கே உனக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள், டாக்டர்கள் உன்னைக் கேட்டுத்தான் மருந்து மாற்றுகிறார்கள் என்றெல்லாம் சந்தோஷமாக எழுதியிருந்தாய். அந்தச் சந்தோஷத்தில் நான் கை வைக்கக்கூடாது, வா என்று சொன்னால் காலைக் கட்டிப்போட்ட புருஷன் ஆகிவிடுவேன் என்று பயந்தேன். நீ என்ன நினைத்தாயோ? இவர் கூப்பிடாதபோது நாமாக எப்படிப் போவது என்று நினைத்தாயோ? டீயில் செய்த தப்பை மறுபடி இதிலும் செய்துகொண்டிருக்கிறோம். இன்னும் இரண்டு வருஷம் இப்படியே போய்விடும். இங்கேயும் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, உன் கைக்கு எங்கேயும் வேலை கிடைக்கும். நீ அங்கேயே இருக்க ஆசைப்பட்டால் அதையும் தாங்கிக்கொள்வேன். ஆனால் என் இஷ்டம் என்ன என்று கேட்டாயே, இதுதான். நீ வர வேண்டும். எனக்கு நீ வேண்டும்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பன்னிரண்டு, பதினான்கு நாள் ஆகும். அதற்குள் தேதி தாண்டினாலும் தாண்டிவிடும். போனில் பேசலாம் என்றால், பூத்தில் பின்னால் நிற்பவர்கள் முன்னிலையில் என் வாய் மறுபடி 'உன் இஷ்டம்' என்றுதான் சொல்லும். அதனால் நாளைக் காலை தந்தி கொடுக்கப் போகிறேன். 'வா' என்று ஒரே சொல் போதும் என்று நாகவல்லியிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "தந்தியப் பாத்தாலே அந்தப் பொண்ணுக்கு உசுரு போயிடும்ணா. உங்கூட்ல யாரோ பூட்டாங்கன்னு நெனச்சிக்கும். நல்லா கீறோம்னு மொதல்ல போடு" என்றாள். நியாயம்தான். உட்கார்ந்து ஆறு தடவை எழுதி அடித்தேன். கடைசியில் இங்கிலீஷில் போகப் போவது இவ்வளவுதான், தமிழில் படித்துக்கொள்:

எல்லோரும் சுகம். யாரும் சாகவில்லை. கையெழுத்துப் போடாதே. வா.

மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்னைக் கூப்பிட இவ்வளவு நாள் எடுத்துக்கொண்ட,
உன் பிரகாசம்