டிவியை அடைத்த பிறகு

சிலிபின்,
14.3.1984

என் பாப்பாவின் அம்மாவுக்கு,

இரண்டு வருஷத்துக்கு முன் நீ தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து, வேலை விட்டு வந்ததும் டிவியைப் போட்டு மகளை அதன் முன்னால் உட்கார வைத்துவிடுவேன். அழமாட்டாள். எனக்கும் சமைக்க, துவைக்கச் சௌகரியமாக இருந்தது.

மூன்று வயதாகியும் "ம்" தவிர வேறு பேச்சில்லை. பயந்துபோய் கிளினிக்குக்குத் தூக்கிப் போனேன். நர்ஸ் மிஸ்ஸி சோதித்துப் பார்த்துவிட்டு, "காது நல்லாத்தான் இருக்குலா அண்ணே. வீட்டுல யாரு இவகூடப் பேசுறது?" என்று கேட்டார்.

அன்றைக்கே டிவியை அடைத்தேன். வாயில்லாப் பூச்சி என்று என்னைத் திட்டுவாயே, இப்போது அடுப்பு பற்ற வைப்பதிலிருந்து பாய் விரிப்பது வரை அவளிடம் ஓயாமல் பேசுகிறேன். விஷயம் தீர்ந்ததும் உன்னைப் பற்றிச் சொல்வேன். பீடோர் எஸ்டேட்டில் ரப்பர் பால்வாளியோடு வழுக்கி விழுந்து, எழுந்திருக்காமலே சிரித்தாயே, அதைக்கூடச் சொன்னேன்.

நேற்று சோறு ஊட்டும்போது அதையே மறுபடி சொல்லப்போய், பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"அம்மா கதை சொல்லு."

எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். மிச்சத்தை நீதான் வந்து சொல்ல வேண்டும்.

உன் வீட்டுக்காரன்