பெட்டிக்குள் திறக்கிற கதவு

மே 27, புதன்

கச்சான் காற்று. வாயைத் திறந்தால் புழுதி. காலையில் கம்பியூட்டரைப் போட்டுவிட்டு உலையில் அரிசி போட்டேன். சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால் இன்னும் வரவேற்புத் திரையிலேயே நிற்கிறது. யாரை வரவேற்கிறதோ.

கோயிலை நடத்துகிற வண்ணக்கர் டைப் அடிக்க நோட்டீசோடு வந்துவிட்டார். கண்ணகை அம்மன் கோயில் வருசம் முழுக்கப் பூட்டு. வைகாசியில்தான் கதவு திறக்கும். நோட்டீஸ் இல்லாவிட்டால் அம்மன் உள்ளேயே இருந்துவிடுவாள் என்பதுபோல மனிசனுக்கு அவசரம்.

"சனிக்கிழமைக்குள்ள தருவியா புள்ள?"

"கம்பியூட்டர்ப் பெட்டி மனம் வைச்சாத் தருவன்."

"பெட்டிய மாத்தன்."

மாற்றலாம். சுனாமிக்குப் பிறகு, வெளிநாட்டில் யாரோ பாவித்துக் கழித்ததை நிவாரணமென்று தந்தார்கள். வரும்போதே கிழடு. தம்பி சுதன் அதை வைத்துத்தான் இந்த முன்னறையில் டைப்பிங், இன்டர்நெட் என்று தொடங்கினான். அவன் காணாமல் போன இந்த இரண்டு வருசமாக நான் இழுத்துக்கொண்டிருக்கிறேன். மாற்ற மனமில்லை. அதை வண்ணக்கரிடம் சொல்வானேன்.

சண்டை முடிந்துவிட்டதாம். போன கிழமை சந்தியில் வெடி கொளுத்தினார்கள். முடிந்தால் ஆட்கள் திரும்பி வரவேண்டுமே.

மே 28, வியாழன்

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே தூசி, பஞ்சு மாதிரி. பெயின்ற் பிரஷால் தட்டி, வீட்டுக்காரரின் சைக்கிள் பம்பால் ஊதினேன். வயலுக்குப் போக சைக்கிளை எடுக்க வந்தவர், "பெட்டிக்கும் காத்துப் போயிட்டா?" என்றார்.

விசிறியில் ஒரு நீளத் தலைமயிர் சுற்றிக் கிடந்தது. செம்பட்டை. எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி இல்லை. பெட்டியின் பழைய சொந்தக்காரியாக இருக்கும். இத்தனை காலமும் இந்த அறையில் எங்களோடு சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள். கையால் எடுக்க மனம் வரவில்லை. ஈர்க்கால் எடுத்தேன்.

ரேம் என்கிற நினைவகத் தகட்டைக் கழற்றிப் பென்சில் அழிறப்பரால் தேய்த்தேன். சுதன் காட்டித் தந்த வேலை. பக்கத்தில் இன்னொரு ரேம் போடுகிற வெற்று இடம். அதற்கு வாங்கத்தான் அன்றைக்கு மட்டக்களப்புக்குப் போனான். "தேத்தண்ணி ஊத்தி வை அக்கா, பின்னேரம் வந்திருவன்." கல்லடிப் பாலத்தில் ஒருவர் கண்டாராம். அதற்குப் பிறகு கண்டவர் இல்லை. பொலிஸ், கேம்ப், சாத்திரக்காரன், எல்லா இடமும் ஏறி இறங்கியாயிற்று.

அந்த இடத்தையும் ஊதினேன். அதில் மட்டும் தூசி இல்லை. ஏனென்று தெரியவில்லை.

விளக்கு வைக்கிற நேரம் வழக்கமான சத்தம். பெட்டிக்குள் யாரோ கதவு திறக்கிற மாதிரி, கிரீச். கொஞ்சம் பொறுத்துச் சாத்துகிற சத்தம். சுதன் போன பிறகுதான் எங்கள் காதில் விழத் தொடங்கியது. அவன் இருந்தவரை காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டிருப்பான், பெட்டியின் சத்தமெல்லாம் அதற்குள்ளேயே போய்விடும். கிழட்டுப் பெட்டியின் முனகல் என்று வைத்துக்கொண்டேன். ஆனால் கேட்கிறபோதெல்லாம் இவர் வாசலைத் திரும்பிப் பார்ப்பார். நானும்தான். அதைப்பற்றி ஒருநாளும் பேசினதில்லை.

மே 30, சனி

பெட்டி தொடங்கும்போது தானாக எழும்புகிற புரோகிராம்களின் பட்டியலைத் தேடிப் பிடித்தேன். பிரிண்டர் ஒன்று. அந்தப் பிரிண்டர் எப்போதோ செத்துவிட்டது. கலண்டர். பெயர் விளங்காத நாலைந்து. மெசஞ்சர். மூலையில் மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிரித்த மூஞ்சி இருக்குமே, அதுதானாம். சுதன் போட்டதாக இருக்கும். கூப்பிடாமல் பந்திக்கு வந்த கூட்டம். எல்லாவற்றின் சரி அடையாளத்தையும் எடுத்துவிட்டேன்.

பறக்கிறது. தேத்தண்ணி ஆறுவதற்குள் திரை வந்துவிட்டது. நோட்டீஸ் முடிந்து அச்சகத்துக்கும் அனுப்பியாயிற்று. பெருமையாக இருந்தது. சுதன் பார்த்திருந்தால் நல்லது.

மே 31, ஞாயிறு

காற்று விழுந்துவிட்டது. வாவியில் அசைவே இல்லை. விளக்கு வைத்தேன். சத்தம் வரவில்லை. நேற்றும் வரவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

இவர் சோற்றில் கை வைத்தபடி இருந்தார்.

"இண்டைக்கும் இல்ல, என்ன?"

"எது?"

"ஒண்டுமில்ல. கறியப் போடு."

நிம்மதியாக இருக்கவேண்டும். இல்லை. வீட்டில் ஒரு ஆள் குறைந்த மாதிரி இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

ஜூன் 2, செவ்வாய்

அம்மன் கதவு திறந்தாயிற்று. நல்ல சனம். நோட்டீசில் தன் பெயர் சின்ன எழுத்தாம், வண்ணக்கருக்கு முகம் கோணல்.

கோயிலால் வந்து கால் கழுவுமுன் போன். டோகாவில் இருந்து நாசர். காத்தான்குடிப் பெடியன், சுதனோடு கம்பியூட்டர் படித்தவன். இரண்டு வருசமாக ஒரு கதையும் இல்லாதவன் இன்றைக்கு அழுதுகொண்டு எடுக்கிறான்.

"அக்கா, எப்ப நடந்த?"

"என்னடா?"

"சுதன்ட பேர் அணைஞ்சு போச்சு. சனிக்கிழமையில இருந்து இல்ல."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னான். வேலை முடிந்து வந்து மெசஞ்சரைத் திறப்பானாம். சுதனின் பெயர் பச்சையாக எரியுமாம்.

"எங்கயோ ஒளிச்சிருக்கான், உசிரோட இருக்கன் எண்டு எனக்குக் காட்டுறான் எண்டு நினைச்சன் அக்கா."

"ஏன்டா ஒரு வரி எழுதிக் கேக்கல்ல? எனக்கொரு போன் எடுக்கல்ல?"

"வேற ஆக்கள் பாத்தா அவனைப் பிடிச்சிருவானுகள் எண்டு பயம்."

பிறகுதான் விளங்கியது. நான் பெட்டியைப் போடுகிறபோதெல்லாம், சுதன் அதில் பதிந்து வைத்த பாஸ்வேட்டால் அவன் பெயர் தானாக எரிந்திருக்கிறது. கூட்டாளி யாரும் உள்ளே வந்தால் மெசஞ்சர் கதவு திறக்கிற சத்தம் போடுமாம்; கிரீச் என்றது நாசர் வந்த சத்தம், சாத்தினது அவன் போன சத்தம். அவன் அங்கே என் பெட்டியைப் பார்த்து நம்பியிருக்கிறான். நான் இங்கே அவன் சத்தத்துக்கு வாசலைப் பார்த்திருக்கிறேன்.

"அது நான்தான் நாசர். சுதன் இல்ல."

"அப்ப அவன்?"

"தெரியாதுடா."

பெட்டியை வேகமாக்கப் போய் ஒருவன் மனதில் உயிரோடு இருந்த என் தம்பியைக் கொன்றுவிட்டேன். சாப்பிடவில்லை.

ஜூன் 3, புதன்

மெசஞ்சரின் சரி அடையாளத்தைத் திரும்பப் போட்டேன். மூலையில் மூஞ்சி வந்தது. பெட்டி மறுகா ஊரத் தொடங்கிவிட்டது. ஊரட்டும்.

விளக்கு வைக்கிற நேரம், கிரீச். இவரிடம் நேற்றே எல்லாம் சொல்லியிருந்தேன். தெரிந்தும் வாசலைப் பார்க்கிறார். நாசர் முதல் தடவையாக எழுதினான்.

"அக்காதானே?"

"ஓம்."

"சரி. சும்மா எரியட்டும் அக்கா."

ஜூன் 9, செவ்வாய்

கடைசிச் சடங்கான குளுத்தி முடிந்து அம்மன் கதவு சாத்தியாயிற்று. இனி அடுத்த வைகாசி. வாங்க: சீனி, நெருப்புப்பெட்டி, தாள் ஒரு கட்டு.

மேலே உள்ளது மத்தியானம் எழுதியது. இப்போது விளக்கு வைத்தாயிற்று. நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

நாசர் வந்தான். சாப்பிட்டீங்களா என்று கேட்டான். பதில் அடிக்கும்போதே மெசஞ்சர் மூடிக்கொண்டது. ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல். இந்தக் கணக்கை வேறொரு கம்பியூட்டரில் திறந்திருக்கிறார்களாம், அதனால் இங்கே மூடுகிறதாம். திரும்பத் திரும்ப வாசித்தேன். நாசருக்குப் போன் எடுத்தேன்.

"நீ சுதன்ட கணக்கத் திறந்தியா?"

"பாஸ்வேட் எனக்குத் தெரியாதே. ஏன் அக்கா?"

"இஞ்ச மூடிட்டு."

"இல்லையே. பச்சையாத்தான் கிடக்கு."

பிளக்கைப் பிடுங்கினேன். திரை கறுத்தது. விசிறி சுற்றிச் சுற்றி நின்றது.

"இப்ப?"

"எரியுது அக்கா."

அந்தப் பாஸ்வேட் சுதன் ஒருவனுக்குத்தான் தெரியும். எனக்கே தெரியாது. அப்படியென்றால் அது அவன். இல்லாவிட்டால் அவனிடமிருந்து அதை வாங்கினவர்கள். பாஸ்வேட்டை வாங்கினவர்கள் வீட்டு விலாசத்தையும் வாங்கியிருப்பார்கள்.

"எழுதிக் கேக்கவா அக்கா?"

"பொறு. ஒண்டும் எழுதாத."

அவன் போனை வைக்கவில்லை. மூச்சு கேட்கிறது. இவர் எழும்பிப் போய் வாசற்கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்கிறார்.

"போடவா, திறந்து விடவா?"