உன் திதி நாளில் நான் குடித்த சூப்

என் அன்புத் தடியா, செல்வா,

போய்விட்டு வந்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வேறு யாரிடம் சொல்வது?

லண்டன் பிளேஸ்டோவில் நாம் இருந்த அதே அறையில்தான் இன்னும் இருக்கிறேன். "லீவுக்கு எங்கை போனனீங்கள் அண்ணை?" என்று வேலையிடத்தில் ஒரு பொடியன் கேட்டான். ஜப்பான் என்றதும் சிரித்தான். நம்முடைய சனத்துக்கு லீவு என்றால் கனடா, ஜெர்மனி, அங்கே ஒரு கலியாண வீடு. சொந்தக்காரர் இல்லாத நாட்டுக்கு எவன் போவான்?

நீ கோப்பை கழுவிய ஜப்பான் சாப்பாட்டுக்கடையில் சமையற்காரர் உனக்கொரு கலண்டர் தந்தாரே, மலையும் வயலும் ஆறுமாக. "பாஸ்போர்ட் கிடைச்சதும் முதல் இங்கைதான் போறம் மச்சான். டோக்கியோவும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்" என்றாய். எனக்குப் பாஸ்போர்ட் கிடைத்தபோது நீ போய் மூன்று வருஷம்.

பஞ்சாங்கம் பார்த்து, உன் திதி வருகிற கிழமைக்கே டிக்கட் போட்டேன். இங்கே உனக்கு உரித்துக்காரர் என்று யார் இருக்கிறார்கள்? அன்றைக்கு மீன், இறைச்சி தொடாமல் சைவமாக இருப்பதுதான் வருஷத்தில் ஒருநாள் நான் உனக்குச் செய்கிற ஒரே காரியம்.

இரண்டு ரயில், பிறகு ஒரு பஸ். படி படியாக வயல், அதற்கு மேலே ஊசியிலைக் காடு, எங்கே நின்றாலும் தண்ணீர் ஓடுகிற சத்தம். நல்லதொன்றைக் கண்டால் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. திரும்பினால் பஸ் கண்ணாடிதான் இருந்தது.

ஒரு புருஷனும் பெண்சாதியும் நடத்துகிற சின்ன விடுதியில் தங்கினேன். புருஷன் முன்பு கப்பலில் வேலை செய்தவர், கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். இப்போது கொட்டிலில் இருந்தபடி மரக்கிண்ணம் கடைகிறார். பக்கத்தில் குந்தியிருந்து நாள் முழுக்கப் பார்க்கலாம். நீ என்றால் எழும்பியே இருக்கமாட்டாய்.

திதியன்று காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு, இன்றைக்கு மீனும் இறைச்சியும் ஏலாது என்று அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். காலையில் சோயாக்கட்டி போட்ட சூப். மத்தியானம் நூடில்ஸ். பின்னேரம் மலைக்கீரையும் இன்னொரு சூப்பும். ஒரு மீன் துண்டுகூட இல்லை. விரதம் பிடிக்க இதைவிட நல்ல நாடு உண்டா என்று நினைத்தேன்.

வெறுங்கிண்ணத்தைக் கொடுக்கக் குசினிக்குப் போனேன். அந்த மனுசி விறகுத்துண்டு மாதிரி ஒன்றைச் சீவிச் சீவிக் கொதிதண்ணீரில் போட்டுக்கொண்டு நின்றார். என்ன அது என்று கேட்டேன்.

"காய்ந்த மீன்" என்றார் பக்கத்தில் நின்ற புருஷன். "இதில்லாமல் எங்களுக்குச் சூப் இல்லை."

"இன்றைக்கும் போட்டீர்களா?"

"சாறு மட்டும்தான். மீனை வடித்து எடுத்துவிட்டோமே."

காலையிலிருந்து மீன் குடித்திருக்கிறேன். வருஷத்தில் ஒரேயொரு நாள், அதையும் கெடுத்துவிட்டேனே என்று அழுகை வந்தது.

பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு கேட்டாய். "மச்சான், வாய் கைக்குது. கொஞ்சம் மீன் சொதி வைச்சுத் தாவன்."

"இண்டைக்கு வெள்ளியடா. நாளைக்கு வைச்சுக்கொண்டு வாறன்."

"ஓம், நாளைக்கு" என்றாய். திரும்பக் கேட்கவில்லை. சனிக்கிழமை சுடச்சுடச் சொதியோடு வந்தேன். உன் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டிருந்தார்கள். இதை நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. நீ என்னில் கோபித்துக்கொண்டா போனாய்?

என் முகத்தைப் பார்த்துப் பயந்து, அந்த மனுசி மிச்சச் சூப்பை ஊற்றப் போனார். வேண்டாம், இன்னொரு கிண்ணம் தாருங்கள் என்றேன். தேங்காய்ப்பாலில்லை, தேசிக்காய்ப்புளியில்லை. ஆனாலும் மீன். குசினிப்படியில் குந்தியிருந்து அழுதழுது குடித்து முடித்தேன்.

இனி உன் திதிக்கு மீன் சொதி வைத்துப் படைப்பேன். அது வெள்ளிக்கிழமையில் வந்தாலும் சரிதான். சனம் கதைத்தால் கதைக்கட்டும். நாளைக்கு என்று மட்டும் உனக்குச் சொல்லமாட்டேன்.

என்றும் உன் மச்சான்,
பரமு